பல்வாடி டீச்சர் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. கத்தரிக்கோலைக் கண்டால் விடமாட்டான். நேராக வெட்ட வரவில்லை என்றால் அழுகை. பசையையோ வாயில் வைக்கிறான். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தேனி

பதில்: இந்த வயதில் நேராக வராதும்மா. முதலில் கிழிக்கக் கொடுங்கள். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணும், அவனே கண்டுபிடிப்பான்.

அப்புறம், முனை மழுங்கிய கத்தரிக்கோல். பழைய கல்யாணப் பத்திரிகையை விரல் அகலக் கீற்றுகளாக நீங்கள் வெட்டிக் கொடுங்கள். ஒரே வெட்டில் துண்டு விழ வேண்டும். மெல்லிய தாள் கத்தரிக்குள் மடங்கிக்கொள்ளும், பாதி அழுகை அதனால்தான். கட்டைவிரல் மேல்பக்கம் இருக்கட்டும். வளைவு வந்தால் தாளைத் திருப்பச் சொல்லுங்கள், கையை அல்ல. இடது கைப் பிள்ளை என்றால் அதற்கான கத்தரிக்கோலைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கத்தரியில் வெட்டும் கோடே அவனுக்கு மறைந்துவிடும்.

பசைக்கு 1 கரண்டி மைதா, 5 கரண்டி தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் பளபளப்பு வரும்வரை கிளறுங்கள். போஸ்டர் ஒட்டும் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவதுண்டு. அது விஷம், வீட்டுப் பசையில் கூடவே கூடாது. மைதா பசை இரண்டு நாளில் புளித்துவிடும், புதிதாகக் கிண்டுங்கள்.

என்ன செய்வது? காகிதச் சங்கிலிதான். 15 செ.மீ. நீளக் கீற்றை வளைத்து ஒட்டி, அடுத்ததை அதற்குள் கோர்த்து ஒட்ட வேண்டியதுதான். அம்மா யானையை வெட்டி ஒட்டிவிட்டு, மகன் செய்தது என்று அவன் பெயரை எழுதுவதெல்லாம் எனக்குப் பிடிக்காது.