மூதவைக்கு எத்தனை வயது?

கேள்வி: மகன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். “புதிய பாடத்திட்டத்துக்கு மூதவை அனுமதி” என்று பத்திரிகையில் வாசித்தேன். மூதவை என்றால் செனற் சபைதானே? முதியவர்கள்தான் அதில் இருப்பார்களா? பல்கலைக்கழகத்தை ஆள்வது அதுவா?
– வாசகி, கொக்குவில்

பதில்: செனற்றேதான் அம்மா. இலத்தீனில் ‘செனெக்ஸ்’ என்றால் கிழவர். கிழவர் கூடும் சபை ‘செனாத்துஸ்’. உங்கள் மகன் பயப்படும் ‘சீனியர்’ மாணவரும் அதே வேரில் முளைத்தவர். பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரைக் கூப்பிடும் ‘சேர்’ கூட, பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த அதே கிழவர்தான்.

நரைக்கு மதிப்புக் கொடுப்பது நமக்கும் புதிதல்ல. இளைஞன் தீர்ப்புச் சொல்வதா என்று வழக்காளிகள் தயங்கியபோது, கரிகாலன் நரைமுடி தரித்து வந்து முறைசெய்தான் என்பது பழங்கதை. உரோமில் வேறு விதம். அங்கே சர்வாதிகாரியாக இருந்த சுல்லாவின் காலத்துக்குப் பிறகு, முப்பது வயதில் நிதி அதிகாரியாகத் தெரிவானவர் நேரே செனற்றுக்குள் போய்விடுவார். பெயரில் மட்டும் கிழம். அந்தச் சபையின் முடிவுக்குச் சட்டப்படி ‘ஆலோசனை’ என்றே பெயர். ஆனால் அதைத் தட்டி நடக்க அதிகாரிகள் இலேசில் துணியமாட்டார்கள்.

இலங்கையிலும் 1947 முதல் 1971 வரை நாடாளுமன்றத்தின் மேல்சபையாக முப்பது பேர் கொண்ட செனற் சபை இருந்தது. தேர்தலில் நிற்காமலே தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் 1965இல் அமைச்சரானது செனற்றர் என்ற முறையில்தான்.

‘மூதவை’ என்ற தமிழ்ச்சொல்லில் எனக்குக் கொஞ்சம் மோகம் உண்டு. முதுமை ஊரோடு சேர்ந்து மூதூர் ஆனதுபோல, அவையோடு சேர்ந்து மூதவை ஆனது. இலத்தீன்காரர் நினைத்ததை ஒரு எழுத்தும் சிந்தாமல் சொல்கிறது. நான் ஒப்புநோக்குநராக இருந்த காலத்தில், அச்சுக்கோத்த பையன் ஒருவன் அதைப் பிழையென்று நினைத்து ‘மூத்தவை’ என்று திருத்திவிட்டான். நானும் அன்று அரைத்தூக்கம். மறுநாள் பத்திரிகையில் ‘மூத்தவை கூடி ஆராய்ந்தன’ என்று வந்தது. ஏதோ பட்டியில் நிற்கும் கிழட்டு மாடுகள் ஆராய்ந்த மாதிரி! ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு எதுவும் சொல்லவில்லை; அந்தப் பக்கத்தை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டப்படி ஆளும் சபை ‘பேரவை’. மூதவை கல்வி விடயங்களுக்கு உரியது: துணைவேந்தர் தலைமையில் பீடாதிபதிகள், துறைத் தலைவர்கள், பேராசிரியர்கள் முதலானோர் இருப்பார்கள். மகனுடைய பாடத்திட்டமும் பரீட்சையும் மூதவையின் பாடு; காசும் கட்டடமும் பேரவையின் பாடு. விடுதிக் கூரை ஒழுகுகிறதென்றால் மூதவையை நோகாதீர்கள்.