ஃபீகலிபாக்டீரியம் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால்

மலப் பரிசோதனையில் ஃபீகலிபாக்டீரியம் பிரஸ்னிட்ஸி என்ற குடல் பாக்டீரியா குறைவு, எந்தப் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா மாத்திரை) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்காக எதையும் வாங்க வேண்டாம். ஆக்சிஜன் பட்டால் சீக்கிரம் செத்துப்போகும் பாக்டீரியா இது. வழக்கமான மாத்திரைகளில் இருப்பவை பெரும்பாலும் லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் என்ற வேறு வகைகள்தான்.

உங்கள் கவலை நியாயமானதுதான். பெருங்குடலில் நார்ச்சத்து நொதிக்கும்போது இந்தப் பாக்டீரியா பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகிறது. குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அதுதான். அழற்சியைத் தணிக்கவும் உதவுகிறது.

சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தீர்களா? நார்ச்சத்து குறைந்த டயட்டில் இருந்தீர்களா? காரணம் அங்கே இருக்கலாம்.

பயறு, வெங்காயம், முழுதானியம் இவற்றை மூன்று நான்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். அப்புறம் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைவிட வயிறு எப்படி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அந்த எண் ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும்.

கிரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் பலருக்கு இந்தப் பாக்டீரியா குறைவாக இருக்கிறது. ஆனால் குறைவை மட்டும் வைத்து அந்த நோய் என்று சொல்ல முடியாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தால் நார்ச்சத்தைக் கூட்டாமல் முதலில் குடல் மருத்துவரைப் பாருங்கள். குடல் அழற்சி இருக்கிறதா என்று மலத்தில் பார்க்கும் கால்ப்ரொடெக்டின் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள்.