ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார்?

பேரிடர் மீட்புத் திட்டங்களின் கணக்குகளைப் பல ஆண்டுகள் தணிக்கை செய்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஒரு நாட்டில் நிலநடுக்கம் வந்தால் பணக்கார நாடுகள் உடனே பல கோடி டாலர் உதவி என்று அறிவிக்கின்றன. அந்தப் பணம் பாதிக்கப்பட்ட நாட்டின் கைக்குப் போகிறதா?
– கல்லூரி மாணவி

பெரும்பாலும் போவதில்லை அம்மா. கொடுக்கும் நாட்டின் உதவித் துறை, தன் நாட்டு நிறுவனங்களோடுதான் ஒப்பந்தம் போடும். பணம் அவர்கள் கணக்கில் ஏறும். அங்கிருந்து ஆட்களும் பொருட்களும் கிளம்பி வரும்.

கரீபியன் கடலில் உள்ள ஏழை நாடான ஹைட்டியையே எடுத்துக்கொள்ளலாம். 2010 ஜனவரி 12 அன்று தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸை ஒட்டி 7.0 அளவில் நிலநடுக்கம் வந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அமெரிக்க அரசின் ஒப்பந்தப் பதிவுகளைக் கூட்டிப் பார்த்தது. மொத்தம் 1,583 ஒப்பந்தங்கள், 26.7 கோடி டாலர். அதில் ஹைட்டிக்காரர்களின் நிறுவனங்களுக்குக் கிடைத்தவை வெறும் 20. மதிப்பு 43 லட்சம் டாலர். அதாவது நூறு டாலருக்கு 1 டாலர் 60 சென்ட். மூன்று ஆண்டு கழித்தும் பெரிய மாற்றம் இல்லை. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் ஹைட்டிக்காகக் கொடுத்த சுமார் 115 கோடி டாலரில், நேரடியாக ஹைட்டி அமைப்புகளுக்குப் போனது 0.7 சதவீதம்தான் என்று வாஷிங்டனில் உள்ள பொருளாதார, கொள்கை ஆய்வு மையம் 2013-ல் கணக்குப் போட்டது. பாதிக்கு மேல் போனது வாஷிங்டனுக்கும் அதை ஒட்டிய மேரிலாண்ட், வர்ஜீனியா மாநிலங்களுக்கும். மிக அதிகம் வாங்கிய கம்பெனி கெமோனிக்ஸ்; அதுவும் வாஷிங்டனில்தான் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கு அனுபவம் அதிகம், வேலை வேகமாக முடியும் என்கிறார்களே?
– கட்டடப் பொறியாளர்

இடிபாட்டுக்குள் சிக்கியவர்களைத் தேடும் குழு, நடமாடும் அறுவை சிகிச்சைக்கூடம், துறைமுகத்தைச் சீர்செய்யும் கனரக இயந்திரம், இவை வெளியிலிருந்துதான் வரவேண்டும். முதல் சில வாரங்களுக்கு அந்த வாதத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வீடு கட்டுவது முதல் வார வேலை இல்லையே. யுஎஸ்எய்ட் ஹைட்டியில் 15,000 வீடு கட்டத் திட்டம் போட்டது, 5.9 கோடி டாலர் மதிப்பீட்டில். 2013-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் போய்ப் பார்த்தபோது மதிப்பீடு 9.7 கோடியாக ஏறியிருந்தது. வீடுகளின் எண்ணிக்கை 2,649 ஆக இறங்கியிருந்தது. முதல் மதிப்பீடே தவறு. ஹைட்டி அரசும் இன்னும் பெரிய வீடு, தண்ணீர் ஊற்றும் கழிப்பறை வேண்டும் என்று கேட்டது. கேட்டது நியாயம்தான். அந்தக் கேள்வியைத் திட்டம் போடும் முன்பே அங்குள்ளவர்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

நீங்கள் பொறியாளர் என்பதால் அடுக்குக் கணக்கு உங்களுக்குப் புதிதாக இருக்காது. ஒரு பேச்சுக்கு 100 டாலர் ஒப்பந்தம் என்று வையுங்கள். முதல் நிறுவனம் தலைமை அலுவலகச் செலவு, லாபம் என்று 25 எடுத்துக்கொண்டு, மீதி 75-க்கு வேலையைச் சப்-காண்ட்ராக்ட் விடுகிறது. அடுத்தவர் அதில் ஐந்தில் ஒரு பங்கு எடுக்கிறார், 60 மிஞ்சும். அவருக்கும் கீழே இருப்பவர் அந்த 60-ல் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால், சிமெண்டுக்கும் கம்பிக்கும் கூலிக்கும் 48.

நான் தணிக்கைக்குப் போன ஒரு திட்டத்தில் மேலிருந்த நிறுவனத்தின் கோப்பு அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஆலோசகரின் வீட்டு வாடகை, கார், டிரைவர், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், கஷ்டமான இடத்தில் வேலை பார்ப்பதற்கான தனிப் படி, எல்லாவற்றுக்கும் ரசீது. நாலாவது அடுக்கில் இருந்த உள்ளூர் மேஸ்திரியிடம் இருந்தது பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய ஒரு துண்டுக் காகிதம். அவருடைய ஆட்களுக்கு ஏழு வாரக் கூலி பாக்கி. பள்ளிக்கூடத்தின் வரைபடத்தைப் போட்டவர் அந்த ஊர்ப் பெண் பொறியாளர். அவருக்கு நாள் சம்பளம். வரைபடத்தின் மூலையில் இருந்தது ஆலோசகரின் பெயர். விதிப்படி பார்த்தால் என்னால் எந்தத் தவறும் எழுத முடியவில்லை. எல்லாமே அனுமதிக்கப்பட்ட செலவு. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

உணவு உதவியில் இப்படி நடக்க வாய்ப்பு இல்லை அல்லவா? அரிசி அரிசிதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

அரிசியிலும் நடக்கிறது ஐயா. அமெரிக்க உணவு உதவியில் ஒரு பங்கு அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் போக வேண்டும் என்று சட்டம். 1985-லிருந்து 75 சதவீதம், 2012-ல் அதை 50 ஆக்கினார்கள். அந்தக் கப்பல்களுக்கு வாடகை அதிகம். உதவியில் மட்டும் இல்லை, வியாபாரத்திலும் இதே கதைதான். 1990-களின் நடுவில் ஹைட்டியின் அரிசி இறக்குமதி வரியை அமெரிக்கா 3 சதவீதத்துக்கு இறக்கச் செய்ததால், மானியம் பெற்ற அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. அங்குள்ள நெல் விவசாயிகள் நொடிந்தார்கள். அது தவறு, என் மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகளுக்கு வேண்டுமானால் நல்லதாக இருந்திருக்கலாம் என்று, வரியை இறக்கியபோது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டனே 2010 மார்ச்சில் செனட் குழு முன்பு ஒப்புக்கொண்டார்.

உள்ளூர்க்காரர்களிடம் கொடுத்தால் ஊழல் நடக்காதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

நடக்கலாம். நான் பிடித்தும் இருக்கிறேன். ஆனால் உள்ளூரில் பத்து மூட்டை சிமெண்ட் காணாமல் போனால் ஊருக்கே தெரியும், யார் வீட்டுத் திண்ணையில் அது இருக்கிறது என்பது உட்பட. தலைமை அலுவலகச் செலவு என்ற ஒற்றை வரிக்குள் போகும் பணத்தை அந்த ஊர்க்காரர் எங்கே போய்த் தேடுவார்?

உள்ளூரிடம் கொடுக்காததற்கு ஊழல் பயம் மட்டும் காரணம் இல்லை. பேரிடருக்கு முன்பே கையெழுத்தாகித் தயாராக இருக்கும் பொது ஒப்பந்தங்கள், ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்க விண்ணப்பம், முன் அனுபவச் சான்று, இவற்றைச் சின்ன நிறுவனம் தாண்டவே முடியாது. 2016-ல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில், 2020-க்குள் மனிதாபிமான நிதியில் 25 சதவீதத்தை உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுப்போம் என்று உதவி நாடுகளும் பெரிய உதவி அமைப்புகளும் ஒப்புக்கொண்டன. கொடுக்கவில்லை. 2021-ல் யுஎஸ்எய்டும் அதே 25 சதவீதத்தை இலக்காக வைத்தது. 10 சதவீதத்தை ஒட்டியே நின்றது. 2025 ஜூலை 1-ல் அந்த அமைப்பே முடிவுக்கு வந்துவிட்டது.

வரி கட்டும் சாதாரண மனிதன் என்ன கேட்க வேண்டும்?
– அதே வாசகர்

சப்-காண்ட்ராக்ட் பட்டியலைக் கேளுங்கள். முதல் ஒப்பந்தம் யாருக்கு என்பது ஓரளவு வெளியே வரும். இரண்டாவது, மூன்றாவது அடுக்கு அநேகமாக வராது. யார் பெயர், என்ன தொகை, என்ன தேதி, இதை வேலை நடக்கும் இடத்திலேயே அந்த மக்களின் மொழியில் பலகையாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். கூலி பாக்கி இருக்கும் மேஸ்திரி படிக்கிற மாதிரி.