ப்ரீஸ்கூல் கட்டணத்தை டிபென்டென்ட் கேர் கணக்கில் மறுத்தால்

வணக்கம். ப்ரீஸ்கூலுக்குச் செப்டம்பர் மாதக் கட்டணம் 1,400 டாலரை ஆகஸ்டிலேயே கட்டி, ரசீதை டிபென்டென்ட் கேர் கணக்குக்கு (அமெரிக்காவில் குழந்தைப் பராமரிப்புச் செலவுக்காக, வரி பிடிக்கும் முன் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு) அனுப்பியதும் மறுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பதறாதீர்கள், பணம் எங்கும் போகவில்லை. ப்ரீஸ்கூல் கட்டணம் செல்லும். கிண்டர்கார்டன் கட்டணம்தான் செல்லாது. இங்கே சிக்கல் தேதியில். நீங்கள் பணம் கட்டிய நாள் முக்கியமில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட நாள்தான் கணக்கு. செப்டம்பர் முடிந்ததும் மறுபடி அனுப்புங்கள். ரசீதில் குழந்தையின் பெயரும் "செப்டம்பர் 1 முதல் 30 வரை" என்பதும் தெளிவாக இருக்கட்டும். என் முதல் ரசீதில் வெறும் "மாதக் கட்டணம்" என்றிருந்ததால் இரண்டு முறை திரும்பி வந்தது.

மருத்துவச் செலவுக்கு இதேபோல ஒதுக்கும் எஃப்எஸ்ஏ கணக்கில் கிடைப்பதுபோல, இதில் முழுத்தொகையும் முதல் நாளே கிடைக்காது. சம்பளத்தில் அதுவரை பிடித்தது மட்டும் வரும், மீதி பின்னால் சேரும்.

எனக்குக் கவலை வேறு. மனைவி ஜூனில் வேலையை விட்டதாகச் சொல்கிறீர்கள். அவர் வேலை தேடிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. ஆனால் இந்த வருடம் அவர் சம்பாதித்தது நீங்கள் ஒதுக்கியதைவிடக் குறைவானால், வித்தியாசத்துக்கு வரி விழும். பிடித்தத்தைக் குறைக்க முடியுமா என்று ஹெச்ஆரிடம் இன்றே கேளுங்கள். பள்ளியின் வரி எண்ணையும் வாங்கிவையுங்கள், வருமான வரித் தாக்கலோடு சேர்க்கும் படிவம் 2441-க்கு வேண்டும்.