மகன் மின்சாரம் விற்கப் போகிறானாம்

மின்சாரத்தை வாங்கி விற்கும் வர்த்தகத்துக்குப் போகிறேன் என்று மகன் சொன்னதும், அது சூதாட்டம் என்று பயந்துவிட்டீர்கள் அம்மா. விலை ஏறி இறங்கும் இடத்தில் நட்டமும் வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சந்தை சும்மா முளைக்கவில்லை. நாடு பாவிக்கிற மின்சாரத்தை அந்தந்த நொடியிலேயே பிறப்பிக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் 50 ஹேர்ட்ஸ் மீடிறன், அதாவது மின்சாரம் நொடிக்கு 50 தடவை அலையும் சீரான வேகம், குழம்பும்.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை இலங்கை முழுவதும் கரண்ட் போனதே, பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கின் தலையில் பழியைப் போட்டுச் சிரித்தோம். குரங்கு தொடக்கிவைத்தது மட்டும்தான். விடுமுறை நாள், பாவனை குறைவு, கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் கொட்டுகிறது. அதிர்ச்சியைத் தாங்கிப்பிடிக்கும், மின்நிலையங்களிலுள்ள பெரிய சுழல் இயந்திரங்களின் பங்கு அந்த நேரம் சிறியது. இரவு ஏழு மணிக்கு எல்லாம் தலைகீழ். வெயில் இல்லை, வெள்ளவத்தை மாடிவீடுகளில் ஏசியும் ரைஸ் குக்கரும் ஒன்றாக ஓடும்.

இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கத்தான் சந்தை. இந்தியாவில் ஒரு நாளை 96 பதினைந்து நிமிடத் துண்டுகளாக்கி மின்சாரம் விற்கிறார்கள். 2020 ஜூனிலிருந்து அரை மணிக்கொரு ஏலமும் உண்டு. மாலையில் காற்று குறைந்து காற்றாலை மின்சாரம் விழும் என்று கணித்தவர் நேரத்தோடு வாங்கிவிடுவார். கணக்குப் பிழைத்தவர் தண்டம் கட்டுவார். ஜெர்மனியில் வெயில் கூடினால் விலை பூச்சியத்துக்குக் கீழேயே போகும்.

இலங்கையில் அப்படிச் சந்தை இல்லை, அயல்நாட்டோடு மின்கம்பித் தொடர்பும் இல்லை. ஆகவே வர்த்தகர் வேலை கொழும்பில் இப்போதைக்குக் கிடைக்காது. உற்பத்தியையும் பாவனையையும் சமநிலையில் வைத்துப் பார்க்கும் வேலை கிடைக்கும். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம், இந்தச் சமநிலையைப் பார்க்கும் முறைமை இயக்கத்தைத் தனியாகப் பிரிக்கவும் வழி செய்தது. சூரிய மின்சாரம் கூடக்கூட, நாளைய பாவனையை முன்கூட்டிக் கணிப்பவர்களின் தேவையும் கூடும்.

உயர்தர முடிவு வரட்டும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி இடங்கொடுத்தால் மொறட்டுவை, பேராதனை, அல்லது கிளிநொச்சியிலுள்ள யாழ். பொறியியல் பீடம். மின் பொறியியல் அகப்படாவிட்டால் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல். என்னைக் கேட்டால் பின்னாளில் மின்சார வர்த்தகர் ஆவதற்கும் அதுதான் கிட்டடி வழி. மூன்று மாத ஒன்லைன் சான்றிதழுக்கு மட்டும் காசு கட்டிவிடாதீர்கள்.

அதற்கிடையில் மகன் பைதன் என்ற கணினி மொழியைப் பழகட்டும். நாளாந்த மின்னுற்பத்தித் தரவை எடுத்து, நாளை இரவு உச்சப் பாவனை எவ்வளவு என்று எழுதிவைத்து மறுநாள் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிழைத்த இடத்தை நோண்டுகிறான் என்றால் விடுங்கள், படிக்கட்டும். நாலு நாளில் சலித்துவிட்டான் என்றால் வேறு துறை பேசுவோம், அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.