வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: குளித்தாயிற்று, துவட்டினீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களைப் படித்தபோது, நம் வாசகர்களில் குளிக்காதவர் எவரும் இல்லை என்பது தெரிந்தது. ‘கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குக் குளியலின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கசக்கிய கந்தையைக் காயவைத்துக் கட்ட வேண்டும் என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டதாலோ என்னவோ, கடிதங்களில் உள்ள தொல்லைகளில் பலவும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

கேள்வி: டாக்டர் அம்மா, வணக்கம். என் வயது 26. இருசக்கர வாகனத்தில் சென்று வீடுகளுக்கு உணவு கொடுக்கும் வேலை செய்கிறேன். காலையும் இரவும் சோப்புப் போட்டுக் குளிக்கிறேன். அப்படியிருந்தும் தொடையிடுக்கில் வட்டவட்டமாகத் தடித்து அரிக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசினால் நான்கே நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகப் பரவுகிறது. இப்போது என் மனைவிக்கும் இடுப்பைச் சுற்றி வந்துவிட்டது. இதற்கு மேல் எப்படித்தான் சுத்தமாக இருப்பது?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: நீங்கள் அசுத்தமாக இருக்கிறீர்கள் என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், நீங்கள் விவரிப்பது படர்தாமரையைப் போல இருக்கிறது. இது பூஞ்சையால் வருவது. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு வாழும் இந்தப் பூஞ்சைக்கு வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் போதும். வெயிலில் நாள் முழுவதும் வண்டியில் உட்கார்ந்திருப்பவர் அணியும் இறுக்கமான ஜீன்ஸும், வியர்வையில் ஊறிய உள்ளாடையும் அந்த இரண்டையும் தாராளமாகக் கொடுக்கின்றன. இருமுறை குளித்தும் பயனில்லாமல் போவதற்குக் காரணம், பெரும்பாலும் குளித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. அவசரமாக முதுகையும் தலையையும் துவட்டிவிட்டு, தொடையிடுக்கிலும் அக்குளிலும் கால்விரல் இடுக்கிலும் ஈரம் இருக்கும்போதே உடுத்திக்கொள்பவர்களே நம்மில் அதிகம். அதோடு, வீட்டில் எல்லோருக்கும் ஒரே துண்டு, அதுவும் குளியலறைக் கதவில் மடிந்து தொங்கி ஒருநாளும் முழுதாகக் காயாத துண்டு என்றால், உங்களிடமிருந்து மனைவிக்குச் சென்றது எவ்வழியே என்று தேட வேண்டியதில்லை.

இனி அந்தக் களிம்பைப் பற்றிச் சொல்கிறேன். இதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கப்படும் இத்தகைய களிம்புகள் பலவற்றில், பூஞ்சைக்கொல்லியோடு வீரியமிக்க ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கும். ஆகவே நான்கு நாளில் குணமானதாகத் தோன்றும். ஆனால் பூஞ்சையை எதிர்க்க வேண்டிய தோலின் தற்காப்பையும் அது சேர்த்தே அடக்கிவிடுவதால், அடியில் பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. களிம்பை நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாக வருவது இதனால்தான். தொடையிடுக்கு போன்ற மெல்லிய தோலில் மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தோல் நைந்து, பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கோடுகள் பிறகு மறைவதில்லை. இதற்கிடையே, வழக்கமாகக் கொடுக்கப்படும் டெர்பினாஃபின் மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்னும் பூஞ்சை இனமும் இந்தியாவில் பரவலாகக் காணப்படுகிறது. முன்பு இரண்டு வாரத்தில் தீர்ந்த நோய் இப்போது பலருக்கு மாதங்கள் எடுத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே தோல் மருத்துவரை நீங்களும் மனைவியும் ஒரே நாளில் சென்று பாருங்கள். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்பவும் தொற்றும். தடிப்பு மறைந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரை மருந்தை விடாதீர்கள். ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளாடை தளர்வான பருத்தித் துணியாக இருக்கட்டும். வேலை முடிந்து வந்ததும் வியர்த்த உடையோடு கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்காராமல் முதலில் அதை மாற்றிவிடுங்கள். உங்கள் இருவரின் துணிகளையும் பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் தனியே வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் கொடியில் காயாவிட்டால், இஸ்திரிப் பெட்டியால் இரு பக்கமும், குறிப்பாகத் தையல் ஓரங்களில், அழுத்தித் தேய்த்து அணியுங்கள்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் இருவரும் சாப்பிடும் முன் குழாயில் கையைக் காட்டிவிட்டு ஓடிவந்து உட்காருகிறார்கள். சோப்புப் போடச் சொன்னால், “அந்தக் காலத்தில் யார் சோப்புப் போட்டோம், தண்ணீர் பட்டால் போதும்” என்று என் மாமியார் பரிந்து பேசுகிறார். பள்ளிக்குக் கைச்சுத்திகரிப்பான் கொடுத்து அனுப்பினால் போதுமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒருவர் வீட்டில் சாப்பிடுவதை ‘கை நனைப்பது’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. மரியாதையான சொல்தான், ஆனால் நனைத்தால் கை சுத்தமாகிவிடாது. கையில் எப்போதும் ஓர் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. கிருமிகளும் மண்ணில் உள்ள புழு முட்டைகளும் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதால், வெறும் தண்ணீர் மேலே வழிந்து ஓடிவிடும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பற்றும், மறுமுனை தண்ணீரைப் பற்றும். தேய்க்கத் தேய்க்கப் பிசுக்கு பெயர்ந்து, அதில் ஒட்டியிருந்தவற்றோடு கழுவிக்கொண்டு போகிறது. கொரோனா, இன்ஃபுளுயென்சா போன்ற வைரஸ்களின் மேலுறையே கொழுப்பால் ஆனது என்பதால், சோப்பு அவற்றின் உறையையும் உடைத்துவிடுகிறது. இதற்குக் குறைந்தது 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். உள்ளங்கையை மட்டும் தேய்ப்பவர்கள் விட்டுவிடும் இடங்கள் நகக்கண், விரலிடுக்கு, கட்டைவிரல் ஆகியவை; அந்த மூன்றும்தான் சோற்றைப் பிசைகின்றன.

‘கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகவா கழுவ வேண்டும்’ என்று கேட்டவர்கள் உங்கள் மாமியார் மட்டுமல்லர். பெரிய பேராசிரியர்களும் கேட்டிருக்கிறார்கள். வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவச்சிகள் பயிற்சி பெற்ற பிரிவைவிட, மருத்துவ மாணவர்கள் பயின்ற பிரிவில் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார்கள் மிக அதிகம். பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஊகித்து, 1847ஆம் ஆண்டு மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பின்னரே தாய்மார்களைத் தொட வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் 18 விழுக்காட்டளவு இருந்த இறப்பு ஜூனில் 2 விழுக்காட்டளவாகக் குறைந்தது. அப்படியும் அவர் பேச்சைச் சக மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. தம் கையே நோயைக் கொண்டுசென்றது என்பதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. 1865இல் மனநலக் காப்பகம் ஒன்றில் அவர் இறந்தார். மாமியாரிடம் இந்தக் கதையை வாதத்துக்காகச் சொல்ல வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையாக அவரையே சொல்ல வையுங்கள்.

கைச்சுத்திகரிப்பான் அவசரத்துக்கு உதவும். அதில் ஆல்கஹால் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆனால் மண்ணோ எண்ணெயோ படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. வாந்திபேதியை உண்டாக்கும் நோரோ வைரஸையும் அது நன்றாக அழிப்பதில்லை. விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்குச் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். சாதாரணக் குளியல் சோப்பே போதும். ‘கிருமிநாசினி’ என்று அச்சிட்ட விலை உயர்ந்த சோப்பு, வீட்டு உபயோகத்தில் சாதாரணச் சோப்பைவிட மேலானது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறி, அத்தகைய சோப்புகளில் சேர்க்கப்பட்டுவந்த டிரைக்ளோசன் உள்ளிட்ட 19 பொருள்களுக்கு அமெரிக்க அரசு 2016இல் தடை விதித்தது. கழுவிய கையைச் சீருடையில் துடைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். பையில் ஒரு கைக்குட்டை வைத்து, அதையும் தினம் மாற்றிக் கொடுங்கள்.

கேள்வி: காதுக் குறும்பியைப் பஞ்சுக் குச்சியால் வாரம் ஒருமுறை எடுத்தால் போதுமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: எடுக்கவே வேண்டாம். காதுக்குழாயின் தோல் உள்ளிருந்து வெளிநோக்கி நகர்ந்து குறும்பியைத் தானே தள்ளிவிடும். குச்சி அதை மீண்டும் உள்ளே தள்ளி இறுக்குகிறது. வெளிமடலை மட்டும் துண்டு நுனியால் துடையுங்கள். காது அடைத்தாற்போல இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஊக்கும் கொண்டை ஊசியும் சாவியும் காதுக்குரியவை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. மாதவிலக்கின்போது நானும் அவளும் துணியைத்தான் பயன்படுத்துகிறோம். துணி கெடுதல், கடையில் விற்கும் நாப்கின்தான் நல்லது என்று பள்ளியில் சொன்னார்களாம். வாங்கக் கட்டுப்படியாகவில்லை. என்ன செய்யலாம், அம்மா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: துணி கெடுதல் இல்லை, சகோதரி, அதை ஒளித்து வைப்பதுதான் கெடுதல். நல்ல பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் அலசி (வெந்நீரில் கறை இறுகிவிடும்), பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் மொடமொடவென்று காயவைத்தால் அது பாதுகாப்பானதே. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? அண்ணன் பார்ப்பான், மாமனார் பார்ப்பார் என்று கட்டிலுக்கு அடியிலோ, புடவைக்கு உள்ளேயோ, குளியலறை மூலையிலோ போட்டுவைக்கிறோம். அங்கே வெயிலும் காற்றும் படாமல் அரைகுறையாகக் காய்ந்த துணியை அடுத்த மாதம் எடுத்து வைக்கும்போதுதான் அரிப்பும் தொற்றும் வருகின்றன. மற்ற துணிகளோடு துணியாகக் கொடியில் போடுங்கள். வீட்டு ஆண்கள் கேட்டால் இன்னதென்று சொல்லுங்கள். அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே.

துணியோ நாப்கினோ, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். கழுவும்போது வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே சோப்போ மணமூட்டிய திரவமோ செலுத்தினால், அங்கு இயல்பாக வாழ்ந்து லாக்டிக் அமிலத்தைச் சுரந்து நம்மைக் காக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்துபோகும். பள்ளிக்குப் போகும் நாளில் மகளுக்கு நாப்கின் வசதியாக இருக்கும் என்றால், தமிழக அரசின் புதுயுகத் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு அது இலவசமாகவே தரப்படுகிறது. பள்ளி ஆசிரியையிடமோ ஊர்ச் செவிலியரிடமோ கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் தந்தைக்குச் சர்க்கரை நோய் வந்து 15 ஆண்டுகள் ஆகின்றன. கால் மரத்துப்போகிறது என்று தினமும் சூடான நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்கிறார். சுத்தத்துக்கும் நல்லது என்கிறார். சரிதானா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஊறிய தோல் எளிதில் வெடித்துக் கிருமிக்கு வழிவிடும். வெதுவெதுப்பான நீரில், அந்தச் சூட்டையும் அவர் காலால் பார்க்காமல் வேறொருவர் முழங்கையால் பார்த்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். பிறகு விரலிடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து உலர்த்துங்கள். பாதத்திலும் குதிகாலிலும் தேங்காய் எண்ணெய் பூசலாம், விரலிடுக்கில் பூசக் கூடாது. நகத்தை வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுங்கள். இரவில் அவர் படுக்கும் முன் உள்ளங்காலை விளக்கொளியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிவப்போ வெடிப்போ கண்டால் ஆறுமா என்று காத்திருக்காமல் மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் மீது வியர்வை நாற்றம் வீசுகிறது. பக்கத்தில் உட்கார மற்றவர்கள் மறுக்கிறார்கள். அவன் மனம் புண்படாமல் எப்படிச் சொல்வது?
— ஒரு வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: வகுப்பில் வைத்து எதுவும் சொல்லாமல் இருந்தீர்களே, அதற்கே நன்றி. வியர்வைக்கென்று பெரிய நாற்றம் கிடையாது. பருவமடையும் வயதில் அக்குளில் உள்ள ஒருவகைச் சுரப்பிகள் வேலை செய்யத் தொடங்குகின்றன. அவற்றின் சுரப்பைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் நாற்றம் உண்டாகிறது. போன ஆண்டுவரை குளித்ததைப் போலவேதான் அவன் இப்போதும் குளிப்பான். உடல் மாறியது அவனுக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் மாவட்டத்தில் தண்ணீர் எப்படிப்பட்ட பொருள் என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. ஆகவே அவனைத் தனியே அழைத்து, வீட்டில் குடம் எத்தனை கிடைக்கிறது, சீருடை எத்தனை இருக்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள். ஒரே சட்டையைத் துவைத்து ஈரத்தோடு அணிந்து வருகிற பிள்ளையாக இருந்தால், வாசனைப் பவுடர் எவ்வளவு போட்டாலும் நாற்றம் போகாது. இன்னொரு சட்டை கிடைக்க வழி செய்ய வேண்டும். தண்ணீர் குறைவு என்றால், அக்குள், தொடையிடுக்கு, கால் ஆகிய மூன்று இடங்களை மட்டுமாவது நாளும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதும். பருவ வயது மாற்றங்களைப் பற்றிய பாடமாக இதை வகுப்பு முழுவதற்கும் ஒருநாள் நடத்திவிட்டு, இருக்கை வரிசையையும் மாதம் ஒருமுறை எல்லோருக்கும் மாற்றிவிடுங்கள். ஆண் ஆசிரியர் ஒருவர் அவனிடம் பேசினால் இன்னும் எளிதாக இருக்கும்.