சட்ட ஆலோசனை: மாற்றியமைத்த மோட்டார் சைக்கிளும் நீதிமன்ற அழைப்பும்

கேள்வி: ஐயா, நான் தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கிறேன், ஹட்டனில் வேலை செய்கிறேன். கடந்த வருடம் 150 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்றை லீசிங்கில் எடுத்தேன். கராஜ் ஒன்றில் சத்தம் கூடிய சைலன்சர் மாற்றி, முன்னால் எல்இடி லைட் பார் பூட்டி, பின் மட்கார்டை வெட்டி இலக்கத்தகட்டை மேலே தூக்கி வைத்தேன். “எல்லாம் கடையில் விற்கிற சாமான்தானே, பிரச்சினை வராது” என்றார்கள். போன வாரம் பொலிஸார் நிறுத்தி, சைலன்சரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, நீதவான் நீதிமன்றத்துக்கு வரும்படி திகதி கொடுத்தார்கள். எஞ்ஜினைக் காக்கப் பூட்டிய கிராஷ் கார்டையும் குற்றமாக எழுதியிருக்கிறார்கள். ஒப்புக்கொள்வதா, வழக்காடுவதா? கராஜ்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். பைக்கை எனக்கேற்றபடி மாற்ற ஆசை. எதைச் செய்யலாம்?

பதில்: நீதிமன்றத் திகதி அண்மையில் இருப்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம். வண்டியோடு வந்த பழைய சைலன்சர் உங்களிடமோ கராஜிலோ இருந்தால், திகதிக்கு முன்பே அதைத் திரும்பப் பூட்டிவிடுங்கள். வெட்டிய மட்கார்டுக்குப் பதிலாக வண்டிக்குரிய பாகத்தையே வாங்கிப் போட்டு, இலக்கத்தகட்டை அதற்குரிய இடத்தில் நேராக நிறுத்துங்கள். வாங்கியதற்கான பற்றுச்சீட்டுகளையும், மாற்றிய பின்னர் எடுத்த படங்களையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். குறையைத் தானே திருத்திக்கொண்டு வந்து நிற்பவருக்கும், அதே குறையோடு வந்து நிற்பவருக்கும் தண்டம் விதிப்பதில் நீதவான் வேறுபாடு காட்டுவது இயல்பு.

சைலன்சர், இலக்கத்தகடு ஆகிய இரண்டிலும் உங்களுக்குச் சொல்லத்தக்க எதிர்வாதம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வீதியில் ஓடும் வண்டிக்குச் சத்தத்தை முறையாக அடக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்பதும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கிய இலக்கத்தகடு பின்னால் வருபவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதும் சட்டத்தின் அடிப்படைத் தேவைகள். அவற்றை ஒப்புக்கொண்டு, இது முதல் தடவை என்பதையும் திருத்தியமைத்துவிட்டதையும் எடுத்துச் சொல்வதே புத்திசாலித்தனம். ஆனால் கிராஷ் கார்டு வேறு விடயம். கூர்முனை இல்லாமல், வண்டியின் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிராமல், எஞ்ஜினைக் காப்பதற்கென்று பூட்டப்பட்ட குழாய்ச் சட்டத்தை மற்றவற்றோடு சேர்த்து ஒரே மூச்சில் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே வாசிக்கப்படும். தனித்தனியே பதில் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கிராஷ் கார்டைப் பற்றிப் பொலிஸார் விடாப்பிடியாக இருந்தால், மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கையைப் பெறுமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

மலையகத்தில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: வாசிக்கப்பட்டது புரியாமல் தலையாட்டிவிட்டு, தண்டப்பணத்தைக் கட்டிய பிறகுதான் எதற்காகக் கட்டினோம் என்று கேட்கிறார்கள். நடவடிக்கை உங்களுக்குத் தெரியாத மொழியில் நடந்தால் மொழிபெயர்ப்பைக் கோரும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. அதைக் கேட்பதனால் நீதவான் சினம் கொள்ளப்போவதில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையென்றால், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை அணுகலாம்.

இனி, “கடையில் விற்கிற சாமான்தானே” என்ற வாதத்துக்கு வருகிறேன். உங்களைப் போன்ற இளைஞர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு பாகத்தை விற்பது பற்றிய சட்டம் வேறு, அதைப் பூட்டிக்கொண்டு பொது வீதியில் ஓடுவது பற்றிய சட்டம் வேறு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் பார்ப்பதெல்லாம், வீதியில் ஓடும் வண்டி பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும் அதே வண்டிதானா, அது அதில் செல்பவருக்கும் எதிரே வருபவருக்கும் தீங்கில்லாத நிலையில் இருக்கிறதா என்பவற்றைத்தான். எந்த மாற்றத்தைச் செய்ய நினைத்தாலும் இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஐயங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

பதிவுச் சான்றிதழை, அதாவது நீங்கள் சீ.ஆர். என்று அழைக்கும் பத்திரத்தை, ஒருமுறை எடுத்து முழுவதுமாக வாசியுங்கள். எஞ்ஜின் இலக்கம், செசி இலக்கம், எஞ்ஜின் கொள்ளளவு, நிறம் ஆகியவை அதில் இருக்கும். இவற்றில் எதைத் தொட்டாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியோடு செய்து, பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். நீல நிற வண்டியை முழுவதும் கறுப்பு ஸ்டிக்கரால் மூடினாலும் இதே கதைதான். சிறிய கோடு, பெயர், தாங்கியின் மேல் ஒட்டும் றப்பர் ஆகியவற்றுக்கு யாரும் உங்களை நிறுத்தப்போவதில்லை. எஞ்ஜினை மாற்றுவது பற்றி யாராவது ஆசை காட்டினால், பற்றுச்சீட்டும் இறக்குமதிப் பத்திரமும் இல்லாத எஞ்ஜினை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அது களவெடுத்த வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால், போக்குவரத்துக் குற்றத்தோடு நில்லாமல் தண்டனைச் சட்டக்கோவைக்குள்ளும் இழுபடுவீர்கள். எஞ்ஜின் கொள்ளளவை உயர்த்துவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஏ1 வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் 100 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே உரியது. சிறிய வண்டியைப் பெருப்பித்து ஓட்டும் உங்கள் நண்பர்கள் பலர், தெரியாமலே அனுமதிப்பத்திரமில்லாத சாரதிகளாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன சொல் “லீசிங்”. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கடைசித் தவணை கட்டி முடியும்வரை சீ.ஆர்.இல் முழு உரிமையாளர் நிதி நிறுவனமே; நீங்கள் பதிவுசெய்யப்பட்ட உரிமையாளர் மட்டும். இத்தகைய ஒப்பந்தங்கள் 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்கீழ் வருபவை. எழுத்துமூல இணக்கமின்றி வண்டியில் மாற்றம் செய்யக்கூடாது என்ற நிபந்தனை பொதுவாக அந்த ஒப்பந்தங்களில் இருக்கும். அதை மீறினால், தவணை தவறாமல் கட்டியிருந்தாலும் ஒப்பந்தத்தை மீறியவராக ஆகிவிடுவீர்கள். கழற்றி மாட்டக்கூடியவற்றைப் பூட்டுவதை நிறுவனங்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. வெட்டுவது, துளையிடுவது, காய்ச்சி ஒட்டுவது வேறு. உங்கள் ஒப்பந்தப் பிரதி கையில் இல்லையென்றால் கேட்டுப் பெறுங்கள். வாய்மொழி அனுமதியை நம்பாமல் கடிதமாக வாங்குங்கள். வழக்கின்போது வண்டியே பொலிஸாரின் பொறுப்பில் போய்விட்டால், அதை விடுவித்துக்கொள்ள நீதிமன்றத்தில் முழு உரிமையாளரின் துணை உங்களுக்குத் தேவைப்படலாம். ஆகவே அவர்களோடு பகைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

காப்புறுதியும் இதே வழியில்தான் போகிறது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டத்தால் கட்டாயமானது. அடிபடுபவரைக் காப்பதே அதன் நோக்கம். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்தைக் காக்கும் முழுக் காப்புறுதியோ முழுக்க முழுக்க நல்லெண்ணத்தின்மேல் நிற்கும் ஒப்பந்தம். வண்டியின் தன்மையை மாற்றும் எதையும் மறைக்காமல் அறிவிக்கும் கடமை உங்களுக்கு இருக்கிறது. லைட் பாருக்காக உருகி (பியூஸ்) இல்லாமல் வயரைப் பிரித்து இணைத்து, அதனால் தீப்பிடித்த வண்டிக்கு இழப்பீடு கேட்டு வருபவரிடம் நிறுவனம் முதலில் கேட்பது, “இதை எங்களுக்கு அறிவித்தீர்களா?” என்பதுதான். அறிவித்தால் காப்புறுதிக் கட்டணம் சற்று உயரலாம், உயராமலும் போகலாம். எப்படியிருந்தாலும் அறிவித்த கடிதத்தின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சைலன்சரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை மாற்றியதற்கான காரணம் “ஏற்றத்தில் இழுவை கிடைக்கும்” என்ற நம்பிக்கையாகவும் இருக்கலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று ஐதாக இருப்பதால் எந்த எஞ்ஜினும் கொழும்பில் இழுப்பதுபோல் இழுக்காது. சைலன்சரின் உட்பகுதியைத் திறந்துவிடுவதால் அந்தக் குறை நீங்காது. மாறாக, புகையைச் சுத்திகரிக்கும் பாகம் போய்விட்டால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் வண்டி தவறக்கூடும். புகைச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. அது இல்லாமல் வீதியில் இறங்குவதே இன்னொரு குற்றம். ஒரு குழாயை மாற்றியதன் வினை அத்தனை தூரம் போகிறது. உண்மையிலேயே ஏற்றத்தில் இழுவை வேண்டுமென்றால், பின் ஸ்ப்ரொக்கெட்டில், அதாவது சங்கிலி ஓடும் பின் பற்சக்கரத்தில், ஒன்றிரண்டு பல் கூடியதைப் போட்டுக்கொள்ளுங்கள். உச்ச வேகம் சற்றுக் குறையும். கினிகத்தேனை வளைவுகளிலும் நானுஓயா ஏற்றத்திலும் உச்ச வேகத்தால் யாருக்கு என்ன பயன்? சத்தமும் இல்லை, பதிவில் மாறுவதும் இல்லை, விலையும் குறைவு.

உங்களிடமுள்ள பணத்தை எங்கே செலவிடலாம் என்று கேட்டிருந்தீர்கள். மழையும் மூடுபனியும் இறக்கமும் உள்ள வீதியில் நாள்தோறும் ஓடுபவர் நீங்கள் என்பதால், முதலில் பிரேக்கையும் டயரையும் பாருங்கள். றம்பொடை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்து வரும்போது சூடேறிய தகடு பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிப் பழையதாகியிருந்தால் அது கொதித்து, லீவர் வெறுமனே உள்ளே போகும். தரமான பிரேக் பேட்களும், உற்பத்தியாளர் குறிப்பிட்ட தரத்திலான புதிய எண்ணெயும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத மாற்றங்கள். டயரில், வண்டிக் கையேடு சொல்லும் அளவிலேயே, ஈர வீதியில் பிடிப்புக் கூடிய வகையை வாங்குங்கள். பார்வைக்காக அகன்ற டயரை ஒடுங்கிய ரிம்மில் போட்டால் அதன் வடிவம் கெட்டு, வளைவில் வண்டி சாய வேண்டிய நேரத்தில் சாயத் தயங்கும். அப்படி ஒரு விபத்து நடந்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் அளப்பது உங்கள் டயரைத்தான்.

லைட் பாரைக் கழற்றிவிடுங்கள் என்றே சொல்வேன். மூடுபனியில் உயரத்திலிருந்து நேராக அடிக்கும் வெள்ளொளி பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். எதிரே வரும் பஸ் சாரதிக்கோ அந்தச் சில விநாடிகளில் வீதியே தெரியாது. அதற்குப் பதிலாக, தாழ்வாகப் பூட்டி, ஒளி மேலெழாதபடி வெட்டப்பட்ட ஒரு சோடி மூடுபனி விளக்குகளைத் தனி சுவிட்ச், ரிலே, உருகியோடு போட்டு, மூடுபனி இல்லாதபோது அணைத்து வையுங்கள். சிறிய வண்டியின் மின்னாக்கி அதிக விளக்குகளைத் தாங்காது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். சிவப்பு, நீல நிறத்தில் மின்னும் விளக்குகள் அறவே வேண்டாம். 2025 ஜனவரியில் ‘க்ளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தோடு பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பூட்டப்பட்ட மேலதிக அலங்காரங்களை அகற்றத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பின்னர் விளக்கு விடயத்தில் சாக்குச் சொல்லித் தப்புவது கடினமாகிவிட்டது. ஹோர்னுக்கும் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் தனி ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. வண்டியோடு வந்ததே போதும்.

கைகளைக் குளிரிலிருந்து காக்கும் ஹேண்ட் கார்டு, சேற்றைத் தடுக்கும் நீண்ட மட்கார்டு, மழைக்குத் தாங்கும் பெட்டி ஆகியவை நன்று. பெட்டி ஹேண்டிலை விட அகலமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கக் கண்ணாடிகளைச் சிறிதாக்கவோ கழற்றவோ வேண்டாம்.

கடைசியாக, கராஜ்காரரிடம் பணம் கேட்பது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், பொருளை வாங்கியோ சேவையைப் பெற்றோ மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். பற்றுச்சீட்டு இருந்து, அந்தக் காலமும் கடந்துவிடாதிருந்தால், “சட்டப்படி பிரச்சினை வராது” என்று சொல்லி விற்றதை முறைப்பாடாக எழுதுங்கள். ஆயினும் உங்களிடம் வீண் நம்பிக்கையை வளர்க்க நான் விரும்பவில்லை. சத்தம் கூடிய சைலன்சர் வேண்டுமென்று கேட்டது நீங்களே என்றால், சட்டம் தடுப்பதைச் செய்வதற்காகக் கொடுத்த பணத்தை மீட்டுத்தர எந்த நீதிமன்றமும் எளிதில் முன்வராது. லைட் பாரின் வயர் வேலையைப் பிழையாகச் செய்ததற்கும், வெட்டக்கூடாத மட்கார்டை எச்சரிக்காமல் வெட்டியதற்கும் கேட்பதற்கு உங்களுக்குக் கூடிய நியாயம் உண்டு. முறைப்பாட்டுக்கு முன்பு அவருக்கு ஒரு கடிதம் எழுதி, பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படியும் வேலைக்கூலியில் ஒரு பகுதியைத் திருப்பும்படியும் கேளுங்கள். உங்கள் சைலன்சர் இன்னும் அவர் கடையில் கிடக்குமானால் அதை இந்த வாரமே வாங்கிவிடுங்கள், ஏனென்றால் நீதிமன்றத் திகதிக்கு முன்னர் உங்களுக்குத் தேவைப்படுவது அதுதான்.